வெள்ளிக்கிழமைக்குள் நான்கு நாய்கள்: எது எந்த வீட்டுக்கு?

செவ்வாய்க்கிழமை இரவு நாய்க் காப்பகத்திலிருந்து, நாய்களை எடுத்து வீடு தேடித் தரும் எங்கள் குழுவுக்குச் செய்தி வந்தது. இடம் நிரம்பிவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் நான்கு நாய்களை வெளியே எடுத்தாக வேண்டும். கூண்டின் பின்சுவரை ஒட்டியே உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பெட்டை ஒன்று. சுமார் பத்து வாரக் குட்டிகள் இரண்டு. பத்து வயதைத் தாண்டிய ஆண் நாய் ஒன்று. அதற்கு இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும் வாழும் இதயப்புழு இருப்பது சோதனையில் தெரிந்திருந்தது. எல்லோரிடமும் வாலாட்டிக்கொண்டு வருவதால் காப்பகத்திலேயே அதற்குத் தாத்தா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்களுக்குக் கிடைத்த இடங்களும் நான்கு. அரை மணி நேரத் தொலைவில் அடுக்குமாடியில் ஒரு வீடு. தனியாக இருப்பவர், இதுவரை ஃபாஸ்டர் செய்ததில்லை (தத்துப் போகும்வரை நாயைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் ஃபாஸ்டர்), வேறு விலங்கு எதுவும் இல்லை. எட்டு மணி நேரப் பயணத்தில் ஒரு குடும்பம். பெரிய தோட்டம், சொந்தமாக மூன்று நாய்கள், பல வருட அனுபவம். பக்கத்திலேயே கட்டணம் வாங்கும் நாய் விடுதி ஒன்று. அதில் ஓர் இடம் காலி. அப்புறம், படத்தைப் பார்த்ததுமே "அந்தப் பெட்டையை நாங்கள் நேராகவே தத்தெடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதிய ஒரு தம்பதி.

குழுவில் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது போல இருந்தது. பயந்த பெட்டை அனுபவமும் தோட்டமும் உள்ள குடும்பத்துக்கு, தாத்தா அமைதியான அடுக்குமாடி வீட்டுக்கு, குட்டிகள் விடுதிக்கு. கேட்டால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மூன்றுமே தவறு என்று எனக்குப் பட்டது. ஏன் என்று அன்று இரவு தொலைபேசியில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நாய் எடுக்கும் எந்தக் குழுவுக்கும் இதே கேள்வி ஒருநாள் வரும்.

முதலில், அங்கேயே இன்னும் சில நாள் விட்டால் என்ன என்று கேட்டார் புதிதாகச் சேர்ந்த ஒருவர். காப்பகத்தில் இடம் இருந்தால்கூட அதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, காப்பகத்துக்கு வந்து முதல் மூன்று நாட்களில் இருக்கும் நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன், வீட்டு நாய்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு இருப்பதைக் காட்டியது. 2019இல் அங்கேயே ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வீட்டில் இருந்த நாட்களில் அளவு இறங்கியது, கூண்டுக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறியது. வீட்டில் அவை இடையறாமல் ஓய்வெடுத்த நேரமும் கூடியது. நாய்க்குத் தூக்கம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, இரவு பகலாகக் குரைப்பும் கதவுச் சத்தமும் கேட்கும் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஃபாஸ்டர் வீட்டுக்கு இன்னொரு பலன் உண்டு. அதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நாயைப் பற்றிய உண்மையான தகவல் அங்கேதான் கிடைக்கும். கம்பிக்குப் பின்னால் நின்று எல்லா நாயையும் பார்த்துச் சீறும் ஒன்று, கம்பி இல்லாத இடத்தில் அக்கம்பக்கத்து நாயைக் கண்டுகொள்ளாமல் நடக்கும். காப்பகத்தில் கிண்ணத்தைத் தொடவிடாத நாய், வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்தில் சாப்பாட்டை வைத்தவரின் காலடியிலேயே படுத்துக்கொள்ளும். தலைகீழாகவும் நடக்கும், கூண்டில் சாது, வீட்டில் தனியாக விட்டால் கதவைப் பிராண்டும். இதெல்லாம் தெரிந்த பிறகு தத்துக்கொடுப்பதும், தெரியாமல் கொடுப்பதும் ஒன்றல்ல.

இதனால்தான் அந்தத் தம்பதிக்கு உடனே சரி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள், எழுதியதில் அக்கறை இருந்தது. ஆனால் படத்தில் இருந்தது ஒரு முகம், அவ்வளவுதான். அந்தப் பெட்டை ஆளைக் கண்டால் கடிக்குமா, ஒளிந்துகொள்ளுமா, பூனையைத் துரத்துமா என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தத்தெடுப்பவர் "இனி இது நம் நாய்" என்ற எண்ணத்தோடு வருகிறார். மூன்று வாரத்துக்கு அது சோஃபாவுக்கு அடியிலிருந்து வெளியே வராவிட்டால் அவருக்கு மனம் உடையும். ஃபாஸ்டர் செய்பவர் தெரியாததை எதிர்பார்த்தே கதவைத் திறக்கிறார். காப்பகத்தில் எல்லோருக்கும் பழக்கமான, தடுப்பூசி போட்ட, மனிதரோடும் நாயோடும் ஒத்துப்போகும் என்று தெரிந்த ஒரு நாயாக இருந்தால் நேரடித் தத்துதான் சிறந்தது என்று சொல்லியிருப்பேன். அதற்கு ஓர் இடமாற்றம் மிச்சம், ஃபாஸ்டர் வீடும் இன்னொன்றுக்குக் கிடைக்கும். இவள் அப்படிப்பட்டவள் இல்லை. "மூன்று வாரம் கழித்து வந்து பாருங்கள், உங்கள் பெயரை முதலில் வைத்திருக்கிறோம்" என்று எழுதினோம்.

பயந்த நாய்க்குப் பக்கத்து வீடா, தொலைவில் உள்ள நல்ல வீடா?

அதிகம் விவாதித்தது இதைத்தான்.

தோட்டக் குடும்பத்தின் பக்கம் உண்மையான நியாயம் இருந்தது. மனிதரைக் கண்டு ஒடுங்கும் நாய், நிதானமான இன்னொரு நாயைப் பார்த்துத் தைரியம் கற்றுக்கொள்ளும். அது போகும் வழியில் பின்னாலேயே போகும், அது வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் கையருகே வரும். இதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துக்குப் பயந்த நாயின் உடல்மொழியும் தெரியும். உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது ஆகியவற்றை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் தோட்டம் என்றதும் நாம் மனதில் பார்ப்பது ஓடி விளையாடும் நாயை. முதல் வாரத்துப் பயந்த நாய் தோட்டத்தில் தேடுவது வேலியின் இடைவெளியைத்தான். புது இடத்திலிருந்து தப்பும் நாய்க்குத் திரும்பி வர வீடு என்று ஒன்று இன்னும் மனதில் பதிந்திருக்காது. கூப்பிட்டால் வராது, ஆளைக் கண்டால் இன்னும் தூரம் ஓடும். அது எட்டு மணி நேரத் தொலைவில் நடந்தால், தேடப் போகும் எங்களில் யாருடைய குரலும் மணமும் அதற்கு அங்கே உதவிக்கு இராது. மூன்று நாய்கள் என்பதும் இருபக்கம் வெட்டும். முதல் நாளே மூன்று மூக்குகள் ஒன்றாக முகர வந்தால் சில நாய்கள் உறைந்துபோகும்.

அடுக்குமாடி வீட்டுக்காரருக்கு அனுபவம் இல்லை. சரி. ஆனால் அனுபவமின்மையைத் தொலைபேசியில் ஓரளவு ஈடுகட்டலாம், நேரில் போய்க் காட்டிக்கொடுக்கலாம். தொலைவை எதைக் கொண்டு ஈடுகட்டுவது? இரவு பதினொரு மணிக்கு "சாப்பிடவே இல்லை, மூலையில் நடுங்குகிறது" என்று அவர் அழைத்தால் அரை மணியில் எங்களில் ஒருவர் அங்கே இருக்க முடியும். கதவைச் சாத்தினால் வெளியே போக முடியாத வீடு அது. வேறு நாய் இல்லை, குழந்தைகள் இல்லை, பகல் முழுக்க ஒரே ஆள், ஒரே குரல். பயந்த நாய்க்கு முதல் சில வாரங்களில் இந்தச் சலிப்பூட்டும் ஒரே மாதிரியான நாள்தான் மருந்து.

அடுக்குமாடிக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. வீடு இரண்டாவது மாடியில். படியையே பார்த்திராத நாய் பாதியில் உட்கார்ந்துவிடும்; லிஃப்ட்டின் கதவு திறக்கும்போது எதிரே ஓர் ஆள் நின்றால் கயிற்றை உருவிக்கொண்டு ஓடப் பார்க்கும். தினமும் மூன்று முறை இதைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். அவரிடம் இதை நேராகச் சொன்னேன். முதல் பத்து நாள் வெளியே கூட்டிப்போக வேண்டாம், குளியலறையில் விரிப்புகள் போட்டுக்கொள்வோம், பால்கனிக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கட்டும், பிறகு ஆளில்லாத நேரத்தில் இரண்டு கயிறு போட்டுப் படி பழக்குவோம் என்று முடிவானது. தரைத்தளத்தில் சுற்றுச்சுவர் உள்ள வீடு பக்கத்தில் கிடைத்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். கிடைக்கவில்லை.

எவ்வளவு நாள் வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டதற்கு, "ஆறு வாரம் உறுதியாகச் சொல்கிறேன், அதன் பிறகு வேலை விஷயமாக வெளியூர் போக வேண்டியிருக்கும்" என்றார். எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்தது. "எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் பத்தாவது நாள் "இன்றே எடுத்துப் போங்கள்" என்பவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். அது அவர்கள் தவறுகூட இல்லை. நாங்கள்தான் அவர்களை யோசிக்கவிடாமல் அவசரப்படுத்தியிருப்போம். ஆறு வாரம் என்று முன்பே தெரிந்தால் அடுத்த இடத்தை நான்காவது வாரத்திலேயே தேடலாம்.

குட்டிகள்

குட்டிகளை விடுதிக்கு அனுப்பலாம் என்று சொன்னவர்களுக்கு ஒரு விவரம் தெரியாது. அதே வரிசையில் வேறொரு குட்டிக்கு அந்த வாரம் பார்வோ, குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய தொற்றுநோய், உறுதியாகியிருந்தது.

பார்வோ வைரஸ் உடலுக்குள் போய் நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள், சில சமயம் பதினான்கு நாள்வரை ஆகும். ஆகவே இன்று துள்ளிக்கொண்டிருக்கும் குட்டியை நல்லது என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. தடுப்பூசி ஒன்று போட்டிருந்தாலும் போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் ஊசியின் பலனைத் தடுக்கும் என்பதால்தான் பதினாறு வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை தொடர்ந்து போடுகிறார்கள். விடுதியில் இந்த இரண்டையும் விட்டால் பிறர் நம்பி விட்டுப்போன நாய்களுக்கு நடுவே நோயைக் கொண்டுபோய் வைப்பதாக ஆகும்.

தோட்டக் குடும்பமும் இதற்கு ஆகாது. அவர்களுடைய மூன்று நாய்களும் முறையாகத் தடுப்பூசி போட்டவை, அவற்றுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடத்துக்கும் மேல்கூடத் தங்கும். தரை ஓடு பதித்த அறையைக் கழுவி, பிளீச் கலந்த நீரால் துடைத்துச் சுத்தப்படுத்தலாம். மண்ணை என்ன செய்வது? ஒரு முறை தொற்றிவிட்டால் அந்தத் தோட்டத்துக்கு நீண்ட காலம் வேறு குட்டிகளையே அனுப்ப முடியாமல் போகும். பல வருடமாகக் கைகொடுக்கும் ஒரு வீட்டை இரண்டு வார அவசரத்துக்காகக் கெடுத்துக்கொள்ளலாமா?

அப்படியானால் கால்நடை மருத்துவமனையின் தனிமைக் கூண்டில் பதினான்கு நாள் வைத்தால் என்ன? நோய்க்கு அது சரி, குட்டிக்குச் சரியில்லை. ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம்வரைதான் குட்டி இந்த உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளப் பழகும் காலம். பத்து வாரக் குட்டிக்கு அதில் மிச்சமிருப்பதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் இரண்டு வாரத்தை ஸ்டீல் சுவருக்குள் கழித்தால் அது பிறகு ஆயுள் முழுக்க வாக்யூம் கிளீனருக்கும் தொப்பி போட்டவருக்கும் பயப்படும் நாயாக வளரலாம்.

ஆக எங்களிடம் இருந்த நான்கு இடத்தில் எதுவுமே பொருந்தவில்லை. ஐந்தாவது ஒன்றைத் தேடினோம். புதன்கிழமை மாலை, தங்கள் நாயை இழந்து இரண்டு வருடமான ஒரு வயதான தம்பதி தங்கள் குளியலறையைத் தர முன்வந்தார்கள். அந்த நாய் எதனால் இறந்தது என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். அண்மையில் பார்வோ வந்த வீடாக இருந்தால் குட்டிகளை அனுப்ப முடியாது. முதுமைதான் என்றார்கள். குளியலறைக்கு ஓடு பதித்த தரை, உள்ளே போகத் தனிச் செருப்பு, தனி உடை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த அம்மா தினமும் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். குட்டிகள் அவர் குரலுக்குத் தூங்குகின்றன.

தாத்தாவும் தொலைதூர வீடும்

பெட்டைக்கு வேண்டாம் என்று சொன்ன அதே தோட்டக் குடும்பத்தைத் தாத்தாவுக்குக் கேட்டபோது குழுவில் சிலர் விழித்தார்கள். இதயப்புழு உள்ள கிழட்டு நாயையா எட்டு மணி நேரம் பயணம் வைப்பது?

இதயப்புழு ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு நேராகத் தொற்றாது, கொசு வழியாகத்தான் பரவும். அந்த வீட்டு நாய்களுக்கு மாதந்தோறும் தடுப்பு மருந்து தவறாமல் கொடுக்கிறார்கள். சிகிச்சைதான் நீளமானது. முதலில் மாத்திரைகள், பிறகு புழுக்களைக் கொல்லும் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாளில் இன்னும் இரண்டு ஊசிகள். சாகும் புழுவின் துண்டுகள் நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துவிடலாம் என்பதால் இந்தக் காலம் முழுக்கவும், கடைசி ஊசிக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரமும் ஓடவோ குதிக்கவோ விடக்கூடாது. மொத்தத்தில் பல மாதங்கள். ஆறு வாரம் என்று நேர்மையாகச் சொன்னவரால் இதை முடிக்க முடியாது. நடுவில் வீடு மாற்றினால் மருத்துவரும் மாறுவார். தோட்டக் குடும்பம் இதே சிகிச்சையை முன்பு ஒரு நாய்க்குச் செய்து முடித்தவர்கள். தங்கள் நாய்கள் விளையாடும் நேரத்தில் இவனைத் தனி அறையில் வைப்பதாக அவர்களே சொன்னார்கள், நான் கேட்கும் முன்பே.

தாத்தாவுக்குப் புது மனிதர் என்றால் கொண்டாட்டம். பயணம் அவனுக்குப் பெரிய பாரமில்லை. மருத்துவர் அவன் நெஞ்சைக் கேட்டுப் பார்த்து, சிகிச்சை தொடங்கும் முன் போவதென்றால் போகலாம் என்றார். அதே எட்டு மணி நேரம் அந்தப் பெட்டைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எப்படிக் கொண்டுபோவது என்பதில் மூன்று வழி இருந்தது. விமானத்தை உடனே விட்டோம். வயதும் நெஞ்சும் சரியில்லாத நாயைச் சரக்கு அறையில் வைத்து அனுப்பும் துணிவு எனக்கில்லை. இன்னொன்று, நான்கு ஓட்டுநர்கள் ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று கைமாற்றி ஓட்டுவது. இதற்கு ஆள் கிடைப்பது சுலபம், ஒருவருக்கும் நாள் முழுக்கப் போகாது, நீண்ட தூரத்துக்குப் பல குழுக்கள் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் சாலையோரத்தில் ஒரு கார்க் கதவு திறக்கிறது, ஒரு கயிறு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. நாய்கள் தப்புவது பெரும்பாலும் அந்த அரை நிமிடத்தில்தான். ஆகவே இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் ஒரே கார் கிடைக்குமானால் நான் எப்போதும் அதையே எடுப்பேன், ஒரு நாள் தாமதமானாலும். எங்களுக்கு இருவர் கிடைத்தார்கள்.

அவர்களிடம் சொன்னது இவ்வளவுதான். நின்று, திரும்பி, நீட்டிப் படுக்க இடமுள்ள பயணக் கூண்டு, அது நகராதபடி பட்டையால் கட்டப்பட்டிருக்க வேண்டும். காலையில் கொஞ்சமாகத்தான் சாப்பாடு, தண்ணீர் தாராளமாக. நிறுத்தும் இடத்தில் கார்க் கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கும்போதே கூண்டைத் திறந்து, ஹார்னஸில் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையில்) ஒரு கயிறும் கழுத்தில் ஒரு கயிறும் மாட்டி, இரண்டும் கையில் சுற்றிய பிறகே வெளிக்கதவைத் திறக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட அவனைக் காரில் தனியே விட வேண்டாம். வெளியே 24 டிகிரியாக இருந்தாலும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 34 ஆகிவிடும். கிளம்பும் முன், அவன் தோலுக்கடியில் உள்ள அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் எண் எங்கள் குழுவின் தொலைபேசிக்குப் பதிவாகியிருக்கிறதா என்று நானே இரண்டு முறை பார்த்தேன்.

கடைசியில் விடுதியில் இருந்த அந்த ஓர் இடத்துக்கு நாயே போகவில்லை. தடுப்பூசி போட்ட, கூச்சமில்லாத, ஓரிரு இரவு மட்டும் தங்க வேண்டிய நாய்க்கு விடுதி நல்ல வழிதான். எங்கள் நான்கில் அப்படி ஒன்று இல்லை. ஆனாலும் அந்த இடத்தை ஆறு வாரத்துக்கு எங்கள் பெயரில் பிடித்து வைத்தோம். வீணாகக் காசு போகிறதே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். முதல் முறை ஃபாஸ்டர் செய்பவர் நள்ளிரவில் அழைத்து "என்னால் முடியவில்லை" என்றால், "நாளைக் காலை ஓர் இடம் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடிகிற குழுவிடம்தான் மனிதர்கள் பயப்படாமல் மறுபடி கதவைத் திறக்கிறார்கள். அந்த இடம் அவர்களுக்காகப் பிடித்தது.

இதுவரை அது தேவைப்படவில்லை. குட்டிகளுக்குப் பதினான்கு நாள் நல்லபடியாக முடிந்து, வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டன. தாத்தா மாத்திரைக் கட்டத்தில் இருக்கிறான். பெட்டை முதல் இரவு துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள், விளக்கை அணைத்த பிறகுதான் சாப்பிட்டாள். எட்டாம் நாள் அடுக்குமாடி வீட்டுக்காரர் தொலைக்காட்சி பார்க்கும்போது அறை வாசலில் வந்து படுத்தாள். படிகளில் இப்போது ஆறாவது படிவரை இறங்குகிறாள்.

படத்தைப் பார்த்து அவளைத் தத்தெடுக்கக் கேட்ட தம்பதி வரும் சனிக்கிழமை அவளைப் பார்க்க வருகிறார்கள். அவளைக் கூப்பிட வேண்டாம், கையை நீட்ட வேண்டாம், தரையில் உட்கார்ந்து உங்களுக்குள் பேசிக்கொண்டிருங்கள் என்று சொல்லியிருக்கிறோம். எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். மாலை முழுவதும் என்றேன். சரி, வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.